இரட்சணிய யாத்திரிகமும் இறந்தகாலமும்

நடந்து முடிந்த ஒன்றை நடவாததாக ஆக்கும் ஆற்றல் மானிடர் எவர்க்கும் இல்லை. நேற்றைய நாளின் ஒரு நாழிகையைத் தானும் திரும்பப் பெற்றுத் திருத்தி அமைத்தவர் உலகில் இலர். ஆயினும் சமய வாழ்விலே புகுந்தார் ஒருவர் தமது பழைய வாழ்வை முன்போலக் காண்பதில்லை. முன்னர்ப் பெருமையெனத் தோன்றியது பின்னர்ச் சிறுமையாகத் தோன்றுகிறது. முன்னர்ப் பொருளற்றதாய்க் கிடந்த ஒரு நிகழ்ச்சி பின்னர் வழிகாட்டியாக ஒளிர்கிறது. நிகழ்ச்சிகள் இருந்தவாறே இருக்க, அவற்றின் பொருள் மட்டும் மாறுகிறது. இம்மாற்றம் உண்மையைக் காணும் காட்சியா, அன்றி மனம் தன்னைத் தேற்றிக்கொள்ளப் புனையும் கதையா என்பது சமயவாதிகட்கு மட்டுமன்றி இலக்கியத்தை ஆராய்வார்க்கும் உரிய வினாவாகும்.

இவ்வினாவை எம் உள்ளத்தில் எழுப்பியது நூலன்று. சப்பிரகமுவ மாகாணத்துத் தோட்டமொன்றிலே யாம் கேட்ட ஒரு சாட்சியுரை. பல்லாண்டுகளுக்கு முன், ஆண்டின் கடைசி இரவு ஆராதனைக்கு எம்முடன் கற்பிக்கும் கிறிஸ்தவ ஆசிரியர் ஒருவர் எம்மை அழைத்துச் சென்றார். சிறிய கோயில், தகரக் கூரை, மழை ஓயாத மார்கழி. ஓய்வுபெற்ற கணக்குப்பிள்ளை ஒருவர் எழுந்து, தாம் கிறிஸ்துவை அறியாத நாளிற் செய்த கொடுமைகளைப் பொதுப்படக் கூறி, அவையாவும் கழுவப்பட்டன என்றும், பழைய கணக்கு முழுவதும் தீர்ந்தது என்றும் கண்ணீர் மல்க உரைத்தார். கேட்டோர் உருகினர். கோயிலுக்கு வெளியே, படியிலே, பால் வெட்டி ஓய்ந்த முதியவள் ஒருத்தி அவரை மறித்தாள். “கணக்கப்பிள்ளை ஐயா, சாமி ஒங்க கணக்கத் தீத்துருச்சு, சந்தோசம். செக்றோல்ல விட்டுப்போன எம் பேரு என்னாச்சு?” என்று கேட்டாள்.

தோட்டப்புற வழக்கை அறியாதார் பொருட்டு ஒன்று கூறுதல் வேண்டும். ஒரு நாள் வேலை செய்தமைக்குச் செக்றோலில் இடப்படும் பதிவைத் தோட்டத் தமிழர் ‘பேர்’ என்பர். காலைப் பெரட்டுக்குப் பிந்தி வந்தவர்க்கும், கொழுந்தோ பாலோ குறைந்தவர்க்கும் ‘அரைப் பேர்’ விழும்; கணக்குப்பிள்ளையின் மனம் கோணினால் முழுப் பேரும் விழாது போகும். ஆதலின் முதியவள் கேட்டது தன் கூலியை மட்டுமன்று. அவருடைய இறந்தகாலத்திலே தானும் இருந்தாள் என்பதை அவள் நினைவூட்டினாள். கணக்குப்பிள்ளையார் விடை கூறவில்லை. அவரது உரையிற் பாவம் இருந்தது, அருள் இருந்தது, கண்ணீர் இருந்தது. அவளது பேர் மட்டும் இருக்கவில்லை.

யாம் சைவ மரபிற் பிறந்து, சைவராகவே வாழ்பவர். கிறிஸ்தவ வாழ்வின் அகத்துறையை ஆராய எமக்கு உரிமை உண்டோ என்று சிலர் ஐயுறலாம். இலக்கியம் பொதுச் சொத்து. தமிழிலே கிறிஸ்தவ அன்பர் இயற்றிய காப்பியம் கிறிஸ்தவர்க்கு மட்டும் உரியதன்று. அன்றியும் இவ்வினா சைவர்க்கும் உரியதே என்பது பின்னர்ப் புலப்படும்.

ஒருவர் தம் பழைய வாழ்வைச் சமயத்தின் ஒளியில் மீளக் காணுங்கால் மூன்று நெறிகளுள் ஒன்றை மேற்கொள்வர். முதலாவது, அறுத்தெறிதல்: பழைய பெயர், பழைய உறவு, பழைய பாட்டு அனைத்தையும் விட்டொழித்து, தாம் அன்றுதான் பிறந்தவர் போல வாழ்தல். இரண்டாவது, கருமை பூசுதல்: புதிய வாழ்வின் ஒளி மிகுந்து தோன்றும்பொருட்டுப் பழைய வாழ்வை உள்ளதினும் இருண்டதாகக் காட்டுதல். மூன்றாவது, மீள வாசித்தல்: நிகழ்ந்தவற்றை நிகழ்ந்தவாறே ஏற்று, நன்மையை நன்மை என்றும் தீமையைத் தீமை என்றும் கூறி, அவற்றுக்குப் புதிய ஒழுங்கிலே இடம் தருதல். முதலிரண்டும் எளியன, மூன்றாவதே அரியது. தமிழிலக்கியத்தில் இவ்வரிய நெறிக்கு எடுத்துக்காட்டாக விளங்குபவர் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை அவர்கள்.

1827 ஆம் ஆண்டு திருநெல்வேலிச் சீமையிலுள்ள கரையிருப்பு என்னும் ஊரில், வைணவ வேளாளர் குடியில் அவர் தோன்றினார். இளமையிலேயே கம்பராமாயணம் முதலிய நூல்களைத் துறைபோகக் கற்றார். 1853 இல் சாயர்புரத்துக் கிறிஸ்தவக் கல்விக்கூடத்திலே தமிழாசிரியராக அமர்ந்தார். அக்காலத்தில் அவருக்குக் கிறிஸ்தவ சமயத்தின்பால் அன்பு இருக்கவில்லை, வெறுப்பே இருந்தது. உற்றாரும் நண்பரும் ஒருவர்பின் ஒருவராகக் கிறிஸ்தவராயினர். அவர் உள்ளமும் நாளடைவிற் கலங்கி, ஆராய்ந்து, தெளிந்து, 1858 இல் சென்னையிலே ஞானஸ்நானம் பெற்றார். அப்பொழுது ஹென்றி அல்பிரட் என்னும் பெயர் அவருக்கு இடப்பட்டது. ஆயினும் தாய்தந்தையர் இட்ட கிருஷ்ணபிள்ளை என்னும் பெயரை அவர் விடவில்லை. கிறிஸ்துவின் புகழைப் பாடிய பெருங்காப்பியத்தின் ஆசிரியர் பெயரிலே இன்றும் கண்ணன் திருநாமம் நிற்கின்றது. அவர் 1900 ஆம் ஆண்டிலே காலமானார்.

அவர் இயற்றிய இரட்சணிய யாத்திரிகம் நற்போதகம் என்னும் இதழிலே தொடர்ந்து வெளிவந்து, 1894 இல் நூலுருப் பெற்றது. ஆதி பருவம், குமார பருவம், நிதான பருவம், ஆரணிய பருவம், இரட்சணிய பருவம் என ஐந்து பருவங்களாய், மூவாயிரத்து எழுநூற்றுக்கு மேற்பட்ட செய்யுள்களைக் கொண்டது. ஆங்கில நாட்டு ஜோன் பனியன் 1678 இல் வெளியிட்ட உரைநடை நூலே இதற்கு முதல் நூல். மோட்சப் பிரயாணம் என்ற பெயரிலே தமிழ்க் கிறிஸ்தவ இல்லங்களில் நெடுங்காலமாகப் பயிலப்படும் அந்நூலின் கதை யாவரும் அறிந்ததே. அழிவுக்குரிய நகரத்தை விட்டு, முதுகிற் சுமையோடு புறப்படும் ஒருவன், இடுக்கண் பல கடந்து வானகம் சேர்கிறான். பிள்ளையவர்கள் இதனை மொழிபெயர்த்தாரல்லர். இயேசுபெருமானின் திருப்பாடுகளை விரித்துக் காப்பியத்துள் அமைத்து, கதைக்கு ஒரு நடுநாயகத்தைத் தந்தார். பனியன் சிலுவையை வழியிலுள்ள ஓரிடமாகக் காட்டினார். பிள்ளையவர்களோ அதன் வரலாற்றையே பாடினார்.

இனி, நாம் எடுத்துக்கொண்ட வினாவுக்கு வருவாம். பிள்ளையவர்களின் பழைய வாழ்வு இக்காப்பியத்தில் எங்கே இருக்கிறது? கதையிலே தேடுவார் ஏமாற்றமடைவர். உருவகக் கதையாதலின், அங்கே மாந்தர் குணங்களின் பெயரையே தாங்கி வருவர். கரையிருப்பின் தெருக்களுக்கும், சாயர்புரத்து வகுப்பறைக்கும், மதம் மாறிய மகனைக் கண்டு வருந்தும் சுற்றத்தின் முகத்துக்கும் அக்கதையில் இடமில்லை. ஆனால் ஓசையைச் செவிமடுப்பார்க்கு வேறொன்று புலனாகும். விருத்தங்களின் நடையிலும், நாட்டையும் நகரையும் வருணிக்கும் முறையிலும், உவமைகளின் செறிவிலும் கம்பன் வருகிறான். ஆரணியம் என்னும் பருவப் பெயரே இராமன் நடந்த காட்டை நினைவூட்டவல்லது. காப்பியத்தினிடையே பத்தி முதிர்ந்தெழும் இசைப்பாக்களுக்கு அவர் இட்ட பெயர் ‘தேவாரம்’. வைணவ குலத்திற் பிறந்து கிறிஸ்துவின் அடியாரான ஒருவர் தம் பாட்டுக்குச் சைவத் திருமுறையின் பெயரைச் சூட்டியிருக்கிறார்! கதையினின்று நீங்கிய பழைய வாழ்வு இசையின் வாயிலாகத் திரும்பி வந்து காப்பியம் முழுவதும் நிறைந்து நிற்கிறது.

இதனை இருதிறத்தார் குறைகூறுவர். எம்மவருட் சிலர், “எம் மரபின் அணிகலன்களை எடுத்துச் சென்று பிற சமயத்துக்குப் பூட்டினார்” என்பர். கிறிஸ்தவருட் சிலர், “பழைய மதத்தின் வாசனை அவரை விட்டு முற்றும் நீங்கவில்லை” என்பர். இரு கூற்றும் ஒரே பிழையிற் பிறந்தவை. பழையதும் புதியதும் ஓர் உள்ளத்திலே கூடி வாழ முடியாது என்பதே அப்பிழை. கம்பனைக் கற்ற செவியை ஞானஸ்நானம் மாற்றிவிடுவதில்லை. மாற்றிற்றென்று நடிப்பவன் வறண்ட செய்யுளையே எழுதுவான். பிள்ளையவர்கள் தாம் கற்ற தமிழைத் தம் பாவத்தின் பகுதியாக எண்ணவில்லை. தமக்கு முன்னரே வழங்கப்பட்ட கொடையாக எண்ணினார். தாம் கிறிஸ்துவை அறியாத காலத்திலே கம்பனைப் பயின்ற இராக்கள், பின்னாளிலே இக்காப்பியத்துக்கு ஆயத்தமாயின என்று அவர் உணர்ந்திருத்தல் வேண்டும். இன்றேல் அத்தமிழை இத்துணை மகிழ்வோடு கையாண்டிரார். இறந்தகாலத்தை மீள வாசித்தல் என்று யாம் கூறியது இதுவே.

எனினும் திறனாய்வாளன் புகழ்ந்தமைதல் போதாது. பிள்ளையவர்கள் தம் பழைய தமிழுக்குச் செய்த நீதியைப் பழைய மாந்தர்க்குச் செய்தாரா? உருவகக் காப்பியம் என்னும் வடிவம் அதற்கு இடந்தரவில்லை என்பதே விடை. ‘ஐயம்’ என்றும் ‘பிடிவாதம்’ என்றும் பெயர்பெற்று வரும் பாத்திரம் ஒன்றோடு நாம் வாதிடலாம். அதற்கு நாம் கடன்பட்டிருக்க முடியாது. நாம் விட்டுவந்த ஊரை ‘அழிவின் நகரம்’ என்று அழைத்துவிட்டால், அங்கே நம்பொருட்டு விளக்கேற்றி வைத்துக் காத்திருப்போர் கண்ணுக்குத் தெரியாது போவர். இக்குறை பிள்ளையவர்களுக்கு மட்டும் உரியதன்று. முதல் நூலிலிருந்தே வந்தது. அதனைப் பனியனே உணர்ந்தார் என்பது சுவையான செய்தி.

பனியன் தமது ஆன்ம வரலாற்றை 1666 இல் ஒரு தனிநூலாக எழுதினார். அதிலே தம்மைப் பாவிகளுள் தலையாயவராகக் கூறுகிறார். எனினும் அந்நூலை ஊன்றிப் படிப்பார், ஆணையிடுதல், ஓய்வுநாளில் விளையாடுதல், கோயில் மணி அடித்து மகிழ்தல், நடனமாடுதல் முதலியவையே அவர் விரித்துரைக்கும் பழைய குற்றங்கள் என்பதைக் காண்பர். கருமை பூசுதல் என்று மேலே கூறியதன் சாயல் இங்கே உண்டு. அவர் பொய்யுரைத்தார் என்பது எம் கருத்தன்று. மிக்க ஒளியின் முன் நிற்பார்க்குச் சிறு நிழலும் பெரிதாகத் தோன்றும். ஆயினும் இம்முறையைப் பின்னர் வந்தோர் வாய்பாடாக்கினர். இருள் எத்துணை மிகுதியோ அத்துணை மிகுதி அருள் என்று எண்ணி, இல்லாத இருளையும் வருவித்துக்கொண்டனர். சாட்சியுரைகள் பல ஒன்றுபோலவே ஒலிப்பதற்குக் காரணம் இது.

மோட்சப் பிரயாணத்திலோ பனியன் இதனினும் ஆழ்ந்து செல்கிறார். சிலுவையடியிற் சுமை கழன்றுவிழுந்த பின்னரும் பயணியின் இறந்தகாலம் முடிந்துவிடவில்லை. எழில்மிகு மாளிகை ஒன்றிலே அவன் தங்கும்போது, அங்குள்ள நங்கையர் அவனது பழைய வாழ்வைப் பற்றி ஒவ்வொன்றாக வினாவுகின்றனர். விட்டுவந்த நாட்டை நினைப்பதுண்டோ என்கிறாள் விவேகம் என்னும் நங்கை. மனைவி மக்களை ஏன் உடனழைத்து வரவில்லை என்கிறாள் அன்பு என்னும் நங்கை. அதைக் கேட்டு அவன் அழுகிறான். அருளின் மாளிகையிலே கேட்கப்படும் கேள்வி இது என்பதை நாம் குறித்துக்கொள்ளல் வேண்டும். பழையதை மறந்துவிடு என்று அங்கே ஒருவரும் கூறவில்லை. ஆறாண்டு கழித்து, 1684 இல், பனியன் இரண்டாம் பாகத்தை எழுதி, விடப்பட்ட மனைவியையும் மக்களையும் அதே வழியில் நடத்திச் சென்றார். முதற்பாகம் ஒருவனது இரட்சிப்பைக் கூறியது. அவன் பின்னே விட்டுவந்தோரின் பெயர்களை எழுதி முடிக்க மற்றொரு பாகம் வேண்டியிருந்தது.

மேனாட்டு மரபிலே இத்துறைக்கு முதல்வர் புனித அகுஸ்தீனார். 354 இல் வட ஆபிரிக்காவிற் பிறந்து, 387 இல் மிலான் நகரிலே ஞானஸ்நானம் பெற்ற அவர், நான்காம் நூற்றாண்டின் இறுதியளவில் எழுதத் தொடங்கிய அறிக்கை நூல் பதின்மூன்று பகுதிகளையுடையது. தம் இளமையிற் செய்தவற்றை இறைவனை முன்னிலைப்படுத்திக் கூறும் அந்நூலிலே, பத்தாம் பகுதி நினைவாற்றலைப் பற்றிய பேராராய்ச்சி. நினைவை அவர் பெரியதோர் அரண்மனையாகக் காண்கிறார். அங்கே தம்மையும் தேடுகிறார், இறைவனையும் தேடுகிறார். அயலார் மரத்துப் பேரிக்காய்களைத் தோழரோடு திருடிய சிறு நிகழ்ச்சியையும் அவர் விடாது ஆராய்கிறார். பழைய வாழ்வை மீள வாசித்தற்கு இதனினும் சிறந்த நூல் கிறிஸ்தவ உலகில் அரிது.

அத்தகைய நூலிலும் ஓர் இடைவெளி உண்டு. பல்லாண்டு அவரோடு வாழ்ந்து, அவர்க்கு ஒரு மகனையும் ஈன்ற பெண்ணொருத்தி இருந்தாள். வேறொரு திருமணம் பேசப்பட்டபோது அவள் ஆபிரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டாள். அப்பிரிவினால் தம் நெஞ்சு புண்பட்டதை அகுஸ்தீனார் மறைக்கவில்லை. மகனுடைய பெயரைக் கூறுகிறார். அன்னையின் பெயரையோ நூலின் எவ்விடத்தும் கூறவில்லை. அவளுடைய மானத்தைக் காத்தற்பொருட்டு அவ்வாறு செய்தார் என்று கொள்ளுதலும் கூடும். ஆயினும் பதினாறு நூற்றாண்டு கழித்து அந்நூலைப் படிக்கும் நாம், அவளுக்கு நேர்ந்தது யாது என்று வினவாதிருக்க முடிவதில்லை. செக்றோலில் விடுபட்ட பேர் போல அது உறுத்துகிறது.

இனி எம் மரபை நோக்குவாம். திருவாமூரிற் பிறந்த மருணீக்கியார் சமண நெறி சார்ந்து, தருமசேனர் என்னும் பெயர் பூண்டு, பின்னர்ச் சூலைநோயால் வருந்தி, திருவதிகையிலே சிவபெருமானை அடைந்து திருநாவுக்கரசரான வரலாற்றைச் சேக்கிழார் பாடியிருக்கிறார். சேக்கிழாரின் நடுவுநிலை ஈண்டு வியக்கத்தக்கது. சமணரிடையே அவர் கலைகள் பயின்று தலைமை பெற்றதையும், பௌத்தரை வாதில் வென்றதையும் மறைக்கவில்லை. கற்றது வீணென்று தள்ளவுமில்லை.

அதனினும் பெரிது திலகவதியார் பங்கு. மணம் பேசிய கலிப்பகையார் போரில் மாண்டபின் உயிர்விடத் துணிந்த அவர், தம்பியின்பொருட்டே உயிர்தாங்கினார். அத்தம்பி அவரை விட்டுச் சமணம் சென்றது தத்துவ மாற்றம் மட்டுமன்று. தனக்கென வாழ்ந்த ஒருவரைத் தனிமையில் விட்ட செயலுமாம். நோய் முற்றியபோது முதலில் ஆளனுப்பித் தமக்கையாரை அழைக்கிறார். அவர் சமணர் இருக்கைக்கு வர மறுக்கிறார். பின்னர்த் தம்பி தாமே எழுந்து இரவோடிரவாகத் தமக்கையாரின் மடத்து வாயிலை அடைகிறார். திருநீறு பெற்றதும் கோயிலுக்குச் சென்றதும் பதிகம் பாடியதும் அதன்பின்னரே. இறைவனிடம் செல்லும் வழி, தாம் நோகச் செய்த ஒருவரின் வாயிலூடாகச் செல்கிறது. இவ்வமைப்பைச் சேக்கிழார் திட்டமிட்டே அமைத்தார் என்று யாம் கூறத் துணியோம். ஆயினும் காப்பியத்தின் உண்மை அதிலேதான் தங்கியிருக்கிறது.

நாவுக்கரசர் தாமும், வீணே கழிந்த நாட்களை எண்ணி மூப்பிலும் இரங்கிப் பாடினார். அவ்விரக்கம் அவரது பாட்டுக்கு உயிர் தருகிறது. அதேசமயம், தாம் விட்டுவந்த சமணரை அவர் இழித்துரைக்கும் இடங்களும் தேவாரத்தில் உள. அவை அக்காலச் சமயப் போரின் சூட்டிற் பிறந்தவை. அவற்றைப் படிக்கும் சைவ மாணவர், கருமை பூசுதல் கிறிஸ்தவர்க்கு மட்டும் உரிய குறையன்று என்பதை உணர்தல் வேண்டும். தம்மைக் கடிந்துகொள்ளுதல் வேறு; தம்மோடு முன்னர் வாழ்ந்தாரைக் கடிதல் வேறு. முன்னையது மனந்திரும்புதல், பின்னையது பலவேளைகளில் தன்னைக் காத்துக்கொள்ளும் உபாயம்.

கிறிஸ்தவ வேதத்தை நோக்கினும் இவ்வேறுபாடு தெளிவாகும். வரி தண்டுவோனாகிய சகேயு இயேசுவை இல்லத்தில் ஏற்றபொழுது, தன் பாவம் தீர்ந்ததென்று மகிழ்ந்து அமையவில்லை. வஞ்சித்துப் பெற்றதை நான்மடங்காகத் திருப்பித் தருவதாக எழுந்து நின்று கூறினான். வஞ்சிக்கப்பட்டவர் எவர், எவ்வளவு என்று எண்ணாமல் நான்மடங்கு தருதல் இயலாது. ஆதலின் மன்னிப்புப் பெற்றபின்னரும் அவன் பழைய கணக்கேட்டைத் திறக்கவேண்டியவனானான். மன்னிப்பு அவனுக்கு ஏட்டைத் திறக்கும் துணிவைத் தந்தது என்பதே பொருத்தம்.

யோசேப்பின் வரலாறு இன்னும் நுண்ணியது. உடன்பிறந்தார் அவனைக் குழியிலிட்டு விற்றனர். எகிப்திலே உயர்ந்தபின், அவர்கள் எண்ணிய தீமையை இறைவன் நன்மையாக முடித்தான் என்று அவன் அவர்களைத் தேற்றினான். இறந்தகாலத்துக்குச் சமயம் தரும் புதுப்பொருளுக்கு இதுவே உச்சநிலை. ஆனால் இதனைக் கூறியவன் எவன்? விற்கப்பட்டவன். விற்ற உடன்பிறந்தார் எழுந்து, “யாம் விற்றதும் நன்மைக்கே” என்று கூறியிருப்பின், அது சமயமாகாது, கொடுமையின்மேற் கொடுமையாகும். துன்பத்தில் அருளைக் காணும் உரிமை துன்புற்றார்க்கே உரியது. துன்புறுத்தினார்க்கு உரியது அறிக்கையிடுதலும் ஈடுசெய்தலுமே.

எமது மாகாணத்து வாழ்விலே இது நூலாராய்ச்சியோடு நின்றுவிடும் பொருளன்று. கிருஷ்ணபிள்ளையவர்கள் சாயர்புரத்திலே கற்பித்த அதே காலத்தில், 1854 இல், இலங்கை மலைநாட்டுத் தோட்டத் தமிழரிடையே தமிழ்க் கூலி மிஷன் தொடங்கப்பட்டது. திருநெல்வேலியிலிருந்தே உபதேசிமார் கோப்பித் தோட்டங்களுக்கு வந்தனர். பிள்ளையவர்களின் காப்பியத்தைப் பிறப்பித்த மண்ணும் தோட்டத்துச் சிறு கோயில்களுக்கு உபதேசிமாரை அனுப்பிய மண்ணும் ஒன்றே. கோப்பி அழிந்து தேயிலையும் றப்பரும் வந்தன. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் லயங்களிலே மாரியம்மன் கோயிலும் மாதா கோயிலும் அடுத்தடுத்து நின்றன. ஒரே குடும்பத்தில் ஒரு மகன் காவடி எடுப்பான், மற்றொருவன் சிலுவைப்பாதை செல்வான். இருவர்க்கும் பாட்டன் ஒருவனே. அப்பாட்டன் கடல்கடந்து காட்டுவழி நடந்த கதை இருவர்க்கும் பொது.

அப்பொது இறந்தகாலத்தின் சுமை சிறிதன்று. 1948 இல் குடியுரிமை பறிபோயிற்று. 1964 உடன்படிக்கை லயங்களைப் பிரித்து, அண்ணனைக் கப்பலேற்றித் தம்பியை இங்கே நிறுத்திற்று. 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்கள் சப்பிரகமுவத் தோட்டங்களையும் தீண்டின; பலர் வடக்கு நோக்கிப் பெயர்ந்தனர். இவற்றைக் கண்டவர்களிடம், “பழையதை மறந்து மன்னியுங்கள்” என்று எச்சமயத்தின் பெயராலும் எளிதிற் கூறிவிடுதல் தகாது. அவர்களே ஒருநாள் யோசேப்பைப்போல எழுந்து கூறுவாராயின், அது கேட்டு வணங்குதற்குரியது. அதுவரை அவர்களது கதையை முழுமையாகக் கேட்பதே பிறர் கடன்.

எம் மாணவருட் சிலர், பட்டம் பெற்று நகரஞ் சென்றபின், லயத்து முகவரியை மறைக்கின்றனர். பெற்றோர் கொழுந்து பறித்ததையும் பால் வெட்டியதையும் சொல்ல நாணுகின்றனர். அறுத்தெறிதல் என்னும் நெறி சமயத்துக்கு வெளியேயும் உண்டு என்பதற்கு இதுவே சான்று. அவர்கட்கு யாம் காட்டவிரும்புவது, ஹென்றி அல்பிரட் என்னும் புதுப்பெயருக்குப் பின்னே கிருஷ்ணபிள்ளை என்னும் பழம்பெயரை வைத்துக் கையொப்பமிட்ட அப்பெரியாரையே. அவர் புதிய வழியில் முழுமனத்தோடு நடந்தார். பழைய வீட்டின் பாட்டையும் உடன்கொண்டு சென்றார். அப்பாட்டு இல்லையேல் அவரது காப்பியம் இன்று எவராலும் படிக்கப்படாது.

கணக்குப்பிள்ளையாரின் கதை எஞ்சியிருக்கிறது. அடுத்த சம்பள நாளன்று அவர் அம்முதியவளின் லயத்துக்குச் சென்றார் என்பதைப் பின்னர் அறிந்தோம். எத்தனை பேர் விடுபட்டது என்பது அவர் நினைவில் இல்லை; அவள் நினைவில் இருந்தது. எந்த மாதம், எந்த மலை, என்ன மழை என்று நாள்வாரியாகச் சொன்னாளாம். அவர் கொடுத்ததை எண்ணி, கணக்குக்கு மிஞ்சியதைத் திருப்பிக் கொடுத்துவிட்டாளாம்.

மறு ஆண்டு இறுதி இரவிலும் யாம் அக்கோயிலுக்குச் சென்றிருந்தோம். அவர் மீண்டும் சாட்சி கூறினார். முந்திய உரையின் அடுக்குமொழியும் கண்ணீரும் இவ்வுரையில் இல்லை. தாம் விட்ட பேர்களுள் நினைவுக்கு வந்தவற்றை மட்டும், இன்ன ஆண்டு, இன்னாருக்கு என்று கூறினார். எஞ்சியவற்றை அறிந்தவர் தமக்கு நினைவூட்ட வேண்டும் என்று கேட்டுக்கொண்டு அமர்ந்தார். அருள் என்னும் சொல்லை ஒருமுறையே கூறினார். இலக்கியம் கற்பிப்பவன் என்ற முறையில் இரண்டு உரைகளையும் ஒப்பிட்டுப் பார்க்கிறோம். முதலாவது கேட்டோரை உருக்கிற்று. இரண்டாவதைக் கேட்டு, பின்வரிசையிலிருந்த ஒருவர் எழுந்து, “என் தகப்பனுக்கும் ரெண்டு பேர் இருக்குங்க” என்றார். கணக்குப்பிள்ளையார் சட்டைப்பையிலிருந்து ஒரு சிறு கொப்பியை எடுத்து, மூக்குக்கண்ணாடியைத் திருத்திக்கொண்டு, அதனை எழுதிக்கொண்டார்.